கழுத்தைப் பார்த்தவர்

பந்தாட்டம் பார்க்க வந்து பந்தைப் பார்க்காமல் நின்ற ஒரே மனிதர் அவர்தான். ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் விளையாடிய எந்த மைதானத்திலும் அவருக்கு ஒரே இடம். கோல் கம்பத்துக்குப் பின்னால், வலையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, மழை அங்கியின் கைகளுக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு நிற்பார். பந்து மறுமுனைக்குப் போய்விடும். சனமெல்லாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அவர் மட்டும் இந்தப் பக்கத்தில் வேலையில்லாமல் நிற்கும் பின்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆரவாரம் கேட்டால், பக்கத்தில் நிற்பவரிடம் கோல் அடித்தது யார் என்று விசாரிப்பார்.

எல்லாருக்கும் அவர் அண்ணை. கம்பித் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் பின்வரிசையில் விளையாடியவர் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் கழகத்தில் அவரும் நானும் சேர்ந்தே ஆட்களைத் தெரிவு செய்தோம். நான் பிசியோதெரப்பி படித்தவன். என்னிடம் ஓட்டத்துக்கு நேரம் எடுக்கும் கருவி ஒன்று இருந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கீற்று ஓடும், பிள்ளை அதைக் கடந்ததும் நேரம் என் கைபேசியில் விழும். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் மிசின்காறர். என் சொந்தப் பெயரை அவர் வாயால் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவரோடு வெளியே போய்வந்தால் பாதி உயிர் போய்விடும். ஹம் நிலையத்தில் சில ரயில்களை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கம் அனுப்புவார்கள். நாங்கள் ஏறியிருக்கும் பெட்டி சரியான பக்கம் போகும் பெட்டிதானா என்று முதலில் என்னைக் கேட்பார். பிறகு எதிரில் இருக்கும் ஜெர்மன் மூதாட்டியைக் கேட்பார். பிறகு இறங்கிப் போய்ப் பலகையைப் படித்துவிட்டு, கதவு மூடுகிற நேரத்தில் பாய்ந்து ஏறுவார். அதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிடும். கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், முதுகு சுவரைத் தொடுகிற மாதிரி உட்காருவார். வீட்டைப் பூட்டிக் காரடிக்கு வந்தபின், அடுப்பு நிற்பாட்டியதா என்று பார்க்கத் திரும்பிப் போவார். அந்த அடுப்பை எந்தப் பக்கம் திருகுவதென்றே இவருக்குத் தெரியாது என்று அக்கா, அவருடைய மனைவி, தலையில் கை வைப்பார். இந்தப் பயம் எங்கே தொடங்கியது என்று நான் கேட்டதில்லை. எங்கள் ஆட்களிடம் அப்படியெல்லாம் கேட்பது வழக்கமில்லை.

இந்தப் பயத்தைத்தான் அவர் பின்வரிசை ஆட்களிடமும் தேடினார். பின்னுக்கு நிற்கும் பிள்ளைக்குத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரு பதற்றம் இருக்க வேண்டும், அது இருந்தால் கழுத்து தானாகத் திரும்பும் என்பது அவர் கணக்கு. பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேலால் ஒரு பார்வை, வந்தபின் இன்னொன்று. அப்படித் திரும்புகிற பிள்ளையைக் கண்டால், "இவனுக்குக் கழுத்திருக்கு" என்பார். நான் ஓட்ட நேரத்தைக் காட்டினால் மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, "உம்மட மிசின் காலைப் பாக்குது, சரி. கழுத்தை ஆர் பாக்கிறது?" என்று கேட்பார்.

நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் இல்லை. ஓட முடியாத பிள்ளை எதைக் கண்டும் என்ன பயன்? தன்னைத் தாண்டிப் போகிறவரின் முதுகைத்தான் நன்றாகக் காணும். ஒருமுறை ஆண்கள் அணிக்கு நான் சொன்ன வேகக்காரப் பையனை விட்டுவிட்டு, கழுத்திருக்கிறது என்று ஒரு குடும்பஸ்தரைத் தெரிவு செய்தார். அந்த மனிதர் வந்த ஆபத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்டார், ஒன்றையும் பிடிக்கவில்லை. வாங்கிக்கட்டிக்கொண்டு தோற்றோம். நான் சொன்ன அந்த வேகக்காரப் பையன் மற்ற அணியில் நின்று எங்கள் ஆட்களை அசையவிடவில்லை. மறுநாள் விடிய, காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் அண்ணை போன் எடுத்து, சனம் தன்னில் கோபமா என்று கேட்டார். சனம் அப்போது நித்திரை என்று சொன்னேன்.

அவர் மகளோடு லண்டனுக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது. இப்போதும் நான் பிள்ளைகளை ஓடவிட்டு நேரம் எடுக்கிறேன். ஆனால் கைபேசியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் என் கண் பிள்ளைகளின் கழுத்துக்குப் போய்விடுகிறது. அவர் எனக்குச் செய்துவிட்டுப் போன அநியாயம் இது.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பெண்பிள்ளைகளின் அந்தச் சுற்றுப்போட்டிதான். அதற்கு முன்பெல்லாம் ஊர் ஊராகத்தான் அணிகள் இருந்தன. பிள்ளை ஜெர்மனியில் பிறந்து ஜெர்மன் பேசி வளர்ந்திருக்கும், ஆனால் தகப்பனின் ஊர் எதுவோ அந்த ஊர்ப் பனியனைத்தான் போட வேண்டும். ஆள் நிறைய உள்ள ஊர் ஒவ்வொரு வருடமும் வெல்லும், ஆள் குறைந்த ஊர் ஒவ்வொரு வருடமும் சண்டை பிடிக்கும். சலித்துப்போய், அந்த வருடம் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகப் போட்டு, அணிப் பொறுப்பாளர்கள் சீட்டுக் குலுக்கி, முறை வைத்து ஆளுக்கொருவராக எடுப்பது என்று முடிவாயிற்று. தங்கள் ஊர்ப் பிள்ளை வேறு ஊர்க்காரரிடம் போவதா என்று சில பெரியவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது.

தெரிவுக்கு முந்திய ஞாயிறு எல்லாரையும் ஓடவிட்டு, பாயவிட்டு, என் கருவியால் நேரம் எடுத்தேன். பின்வரிசைக்குப் பெயர் கொடுத்தவர்களில் கிறிஸ்ரினா என்ற பிள்ளை காற்று மாதிரி ஓடினாள். தர்ஷிகா என்ற பிள்ளை கிட்டத்தட்டக் கடைசி. ஓட்டம் முடிந்ததும் நேரத்தைக் கேட்காமல் கம்பிவேலிப் பக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய தகப்பன் நின்றார். பார்சல் வண்டி ஓட்டுகிறவர், வேலைச் சட்டையோடு வந்திருந்தார். இந்த முறை ஒரு அணியும் எடுக்காவிட்டால் பந்தடி இத்தோடு சரி, அவுஸ்பில்டுங்கில் கவனத்தை வைக்கட்டும் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டுத்தான் கூட்டிவந்திருந்தார். அந்தத் தொழிற்பயிற்சி தொடங்க இன்னும் சில மாதங்களே இருந்தன. இதை மறைக்கவும் இல்லை, மைதானத்தில் எல்லாரிடமும் சொன்னார். பிள்ளையும் கேட்டுக்கொண்டு நின்றது.

பிறகு நடந்த பயிற்சி ஆட்டத்தில் அண்ணை வழக்கம்போல் கோலுக்குப் பின்னால் நின்றார். பாதி ஆட்டத்தில் என்னிடம் வேகமாக வந்தார். அந்தப் பிள்ளையின் கழுத்தைப் பார்த்தனீரோ என்று கேட்டார். பார்த்தேன். உண்மைதான், தர்ஷிகா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது தோளுக்கு மேலால், பந்து வர முன்னும் வந்த பின்னும், அவர் சொல்வது போலவே. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கழுத்தைத் தான் கண்டதில்லை என்றார் அண்ணை. அவர் முகத்தில் அன்று பயம் இல்லாததால் எனக்குத்தான் பயம் பிடித்தது.

தெரிவு வாடகை மண்டபம் ஒன்றில் நடந்தது. தேநீரும் ரோல்ஸும் வைத்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது கிறிஸ்ரினாவை இன்னும் யாரும் எடுக்கவில்லை. நான் அண்ணையின் காலை மேசைக்குக் கீழே மிதித்தேன். முன்வரிசை என் பொறுப்பு, பின்வரிசை அவர் பொறுப்பு என்பது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். அவர் எழுந்து தர்ஷிகாவின் பெயரைச் சொன்னார். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். தர்ஷிகா தன்னைத்தானா சொன்னது என்று தகப்பனைப் பார்த்தாள். அடுத்த முறைக்காரர் கிறிஸ்ரினாவை எடுத்துக்கொண்டு, அவளைப் பின்னுக்கு வைத்து வீணாக்கப் போவதில்லை, முன்னுக்கு விடப்போவதாக அறிவித்தார். நான் கடித்த ரோல்ஸை அப்படியே தட்டில் வைத்தேன்.

விஷயம் வெளிப்பட்டது ஒரு புதன்கிழமைப் பயிற்சியில். தகப்பனுக்கு அன்று வேலை நீண்டுவிட்டது, தாய்தான் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பயிற்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அண்ணை கோலுக்குப் பின்னால் இருந்து என்னைக் கையால் கூப்பிட்டார். தர்ஷிகா ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு லொறி வந்திருந்தாலும் கண்டிருக்கமாட்டாள்.

இடைவேளையில் அண்ணை அவளிடம் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, முந்தி விளையாடும்போது பின்னுக்கு எதைப் பார்க்கிறனீங்கள் பிள்ளை என்று தன்மையாகக் கேட்டார்.

"அப்பாவைத்தான் மாமா. அப்பா கோபமோ எண்டு பாக்கிறனான்."

மறைக்க ஒன்றுமில்லாத குரலில் சொன்னாள். போத்தலை வாங்கிக் குடித்துவிட்டு ஓடிவிட்டாள். அண்ணை போத்தல் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லாரும் பந்தைப் பார்க்கும்போது கழுத்தைப் பார்த்தவர், அந்தக் கழுத்து எங்கே திரும்புகிறது என்று பார்க்காமல் விட்டுவிட்டார். தகப்பன் எப்போதும் அவளுக்குப் பின்னால், இடப்பக்கக் கோட்டோரமாக நின்று அது செய் இது செய் என்று கத்துவார். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினால் தானும் பக்கம் மாறுவார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. வேலையில் நோயாளியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கைபேசி அதிரும். பிள்ளையை விளையாட விட்டால் கிறிஸ்ரினா போன்றவர்கள் பின்னால் ஓடிக் கிழித்துவிடுவார்கள், மானம் போகும், தகப்பன் நிற்பாட்டிவிடுவார். மாற்று ஆளாக உட்காரவைத்தால் அப்போதே நிற்பாட்டிவிடுவார் என்பார். ஒருமுறை, உம்முடைய மிசினைக் கேட்டிருக்கலாம் என்றார். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. தகப்பனிடமே பேசிப் பார்க்கலாமே என்றேன்.

"என்னெண்டு சொல்லுறது? உம்மட பிள்ளை உமக்குப் பயப்பிடுது எண்டோ? அந்த மனுசன் பிறகு எப்பிடி நித்திரை கொள்ளும்? அவரும் பயத்திலதான் கத்துறார், மிசின்காறர். பிள்ளையை ஆரும் சிரிச்சுப்போடுவினம் எண்ட பயம்."

இதையே இன்னொரு தரம் சொன்னார். போனை வைக்கவும் இல்லை.

போட்டி நாளில் தூறல். தகப்பன் சம்பளமில்லாமல் விடுப்பு எடுத்து வந்திருந்தார். தோடம்பழத்தை உரித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, எங்கள் அணிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்தார். அந்த அன்பான மனிதர் ஆட்டம் தொடங்கியதும் கோட்டோரம் போய் நின்று வேறு ஆளாகிவிட்டார். ஏறு என்றார், நில் என்றார், அவளை விடாதே என்றார், ஏன் விட்டாய் என்றார். அடியோ திட்டோ அல்ல, ஆனால் மூச்சு விடாமல் வந்துகொண்டே இருந்தது. தர்ஷிகா ஒவ்வொன்றுக்கும் இடது தோளால் திரும்பினாள். முதல் ஆட்டத்தில் அப்படித் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே பந்து அவளுடைய வலப்பக்கத்தால் போய் வலைக்குள் விழுந்தது. எங்கள் முன்வரிசை திருப்பி அடித்ததால் தப்பினோம். ஆட்டம் முடிந்ததும் தகப்பன் அவளைக் காரடிக்குக் கூட்டிப்போய், இது உனக்குச் சரிவராது பிள்ளை என்று சொன்னதை அந்த வழியால் போன நான் கேட்டேன். சத்தம் போடாமல், கவலையோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

கடைசி ஆட்டம் கிறிஸ்ரினாவின் அணியோடு. தர்ஷிகாவை உட்காரவைப்போம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணை என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகளை நீரே பாரும் என்று சொல்லிவிட்டு, ரோல்ஸ் விற்ற ஒரு பெண்ணிடம் போய் அவருடைய பெரிய குடையைக் கேட்டு வாங்கினார். எத்தனை மழையிலும் குடை பிடிக்காத மனிதர். விரித்துப் பிடித்துக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கோல் கம்பத்துப் பக்கம் போகாமல், தகப்பன் நின்ற கோட்டோரத்துக்கு நடந்தார். போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவருக்கு நேர்முன்னே நின்றார்.

நடந்ததை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. தகப்பன் இடப்பக்கம் நகர்ந்தால் அண்ணை அதற்கு முன்பே இடப்பக்கம் வந்துவிட்டார். தகப்பன் குனிந்தால் குடை தாழ்ந்தது. எட்டிப் பார்த்தால் குடை உயர்ந்தது. பந்து பின்னால் எங்கோ போய்க்கொண்டிருந்தது, அவர் தகப்பனின் இடுப்பைப் பார்த்து, அது எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று கண்டு, அந்தப் பக்கம் காலை வைத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் அவர் விளையாடியதை நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். வாயும் ஓயவில்லை. பார்சல் வண்டிக்குக் குளிர்கால டயர் எப்போது மாற்றினீர், டயர்க்காரரிடம் முன்கூட்டி நேரம் எடுக்க எவ்வளவு காலம் பிடித்தது, முதுகு நோகிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாக விசாரித்தார். மூத்தவர் கேட்கும்போது மறுமொழி சொல்லாமல் விட அந்த மனிதரால் முடியவில்லை. கத்துவதற்கு இடம் கிடைக்கவில்லை.

தர்ஷிகா இடது தோளால் திரும்பினாள். குடை தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி திரும்பினாள், மறுபடி குடை. அதற்குப் பிறகு அவள் திரும்பவில்லை.

எனக்கு ஆபத்து விளங்கியது அப்போதுதான். பயத்தை மறைத்தாயிற்று, கழுத்தும் நின்றுவிட்டது. இனி அவளிடம் மிச்சம் இருப்பது என் கருவி அளந்த கால்கள் மட்டும். கிறிஸ்ரினா இரண்டு தடவை அவளைத் தாண்டி ஓடினாள், இரண்டு தடவையும் பந்து பிந்தி வந்ததால் பிழைத்தோம். நான் மாற்று ஆளை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டேன். கோல் இல்லாமல் ஆட்டம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணை ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பமாட்டாரா, ஒரு சைகை காட்டமாட்டாரா என்று பார்த்தேன். குடையின் முதுகுதான் தெரிந்தது.

மற்ற அணியின் பிள்ளை ஒன்று நடுவில் பந்தை எடுத்துத் தலையை நிமிர்த்தியது. கிறிஸ்ரினா ஓடத் தொடங்கவில்லை, தொடங்கப் போகிறாள். தர்ஷிகா அப்போது திரும்பினாள். வலது தோளால். குடை இருந்த பக்கம் அல்ல, மற்றப் பக்கம், கிறிஸ்ரினா நின்ற பக்கம். கண்டுவிட்டு, பந்து காலைவிட்டுக் கிளம்ப முன்னமே பின்னோக்கி ஓடத் தொடங்கினாள். கிறிஸ்ரினா அவளைவிட வேகம்தான், பாதித் தூரத்தில் வந்து பிடித்தும்விட்டாள், ஆனால் முந்தித் தொடங்கியவளுக்கு ஒரு கால் நீளம் மிச்சம் இருந்தது. அந்தக் காலால் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டாள். அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை, வெளியே போன பந்துக்கு யார் கைதட்டுவார்கள்? நான் மாற்று ஆளை உட்காரச் சொன்னேன்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. புள்ளிக் கணக்கில் கிண்ணம் கிறிஸ்ரினாவின் அணிக்குப் போனது. நான் கோட்டோரத்துக்குப் போனபோது தகப்பனும் அண்ணையும் அதே இடத்தில் நின்றார்கள். தகப்பனின் முகம் சிவந்திருந்தது.

"நீங்கள் மறைச்சதில நான் ஒண்டும் காணேல்லை அண்ணை," என்றார். "பிள்ளை எப்பிடி விளையாடினவள்?"

"எனக்கென்னெண்டு தெரியும் தம்பி?" என்றார் அண்ணை. "நான் உம்மையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையை முதலாவதாகத் தெரிவு செய்தவரும், அந்தப் பிள்ளைக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்தவரும், இருவருமே ஆட்டத்தைக் காணவில்லை. கண்டவன் நான் ஒருவன். நான் கண்டதைச் சொன்னேன். கிறிஸ்ரினா நின்ற இடம், பந்து வந்த விதம், எங்கள் பிள்ளை முந்தியது எல்லாம். தகப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணை என் மழை அங்கியின் கையைப் பிடித்தார்.

"திரும்பினவளோ?"

"ஓம் அண்ணை. வலப்பக்கத்தால."

அவர் குடையை மடக்கினார். மடக்க வரவில்லை, இரண்டு தடவை முயன்றார். தகப்பன் அதை வாங்கி மடக்கிக் கொடுத்தார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மகளைத் தூரத்தில் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"அடுத்தமுறை குடை கொண்டு வராதேங்கோ அண்ணை," என்றார். "நானும் ஒருக்காக் காண வேணும்."

திரும்பும் வழியில் காரில் அண்ணை என் பக்கத்தில் இருந்தார். தகப்பன் அடுத்தமுறை என்றுதானே சொன்னவர் என்று கேட்டார். ஓம் என்றேன். கால்வாய்ப் பாலத்தில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது மறுபடி கேட்டார், தனக்குக் காதில் பிழையாக விழவில்லையே என்று. இல்லை என்றேன். அவருடைய வீட்டடியில் இறக்கிவிட்டேன். படியேறி, திறப்பைக் கதவில் போட்டவர், போட்டபடியே விட்டுவிட்டுத் திரும்பி இறங்கிவந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"மிசின்காறர், அடுத்தமுறை எண்டுதானே சொன்னவர்?"